வங்கச் சிறாரும் ஆங்கில ஏடும்

இன்று கொல்கத்தா என வழங்கும் இம்மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதையைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால், அதன் தொடக்கத்தில் ஒரு தட்டச்சுப் பொறியோ, சுருக்கெழுத்துக் குறிப்பேடோ, இரயில்வேயிலிருந்தோ தணிக்கை அலுவலகத்திலிருந்தோ வந்த நியமன ஆணையோ இருக்கக் காண்கிறோம். காவிரிக் கரையினின்றும் பொருநைக் கரையினின்றும் நம் முன்னோரை ஹூக்ளிக் கரைக்குக் கொணர்ந்து சேர்த்தது, அவர்கள் ஊர்ப் பள்ளியில் கற்ற ஆங்கிலமே. வங்காளியும் இந்தியும் அவர்கள் இங்கு வந்தபின் சந்தையிலும் டிராம் வண்டியிலும் கற்றுக்கொண்டவை.

நாம் வந்து சேர்ந்த இவ்வூரில் பிறந்த சிறுவர்களுக்கு அதே ஆங்கிலம் எவ்வாறு புகட்டப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்க வரலாறு. இருநூறு ஆண்டுக் காலம் நீண்ட அவ்வரலாற்றில் இரண்டு வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. ஆங்கிலத்தை எந்த வயதில் தொடங்குவது என்பது ஒன்று. எவ்வாறு கற்பிப்பது என்பது மற்றொன்று. முதல் வினா மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் தெருக்களிலும் முழங்கியது. இரண்டாவது வினாவோ ஓரிரு பள்ளி அறைகளுக்குள் எழுந்து அங்கேயே அடங்கிற்று. இரண்டாவதே பெரிய வினா என்பது என் துணிபு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் ஆங்கிலம் நாடியவர்கள் பெரும்பாலும் வணிகத் தரகர்களும், கும்பினியாரின் அலுவலகங்களில் எழுத்தராக அமர விரும்பியவர்களுமே. முறையான பள்ளிகள் மிகச் சில. ஷெர்பர்ன் என்பார் நடத்திய பள்ளி அவற்றுள் ஒன்று. கவி தாகூரின் பாட்டனார் துவாரகாநாதர் அதில் பயின்றவர். அக்காலத்தில் ஒருவருக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்பதே புலமைக்கு அளவுகோல். ராஜநாராயண் பாசு 1874ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சேகால் ஆர் ஏகால்' என்னும் நூலில், அதாவது 'அக்காலமும் இக்காலமும்' என்பதில், இதனைச் சுவைபட எடுத்துரைக்கின்றார். ஆங்கிலச் சொல்லையும் அதன் வங்கப் பொருளையும் சந்தத்தோடு கோத்துப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தனராம். பூசணியும் வெள்ளரியும் ஓரடியில் வரும். தத்துவஞானியும் உழவனும் மறு அடியில் வருவர்.

நம் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனனம் செய்த முறையை இது நினைவூட்டும். ஆனால் நிகண்டு கற்ற சிறுவனுக்குத் தமிழ் முன்னரே தெரியும். வீட்டில் பேசும் மொழிக்கு அவன் மேலும் சொல்வளம் சேர்த்தான். கல்கத்தாச் சிறுவனிடமோ சொற்கள் மட்டுமே இருந்தன. அவற்றைக் கோத்து ஒரு வாக்கியம் ஆக்கும் மொழி இல்லை.

1817ஆம் ஆண்டு சனவரியில் இந்துக் கல்லூரி திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கல்கத்தாப் பள்ளி நூற் கழகமும் தோன்றிற்று. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பையும் பெண்டிங்க் பிறப்பித்த ஆணையையும் அறியாதார் இல்லை. அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அதிகம் பேசப்படாத ஆணை மற்றொன்று உண்டு. 1844 அக்டோபரில் ஆளுநர் தலைவர் ஹார்டிஞ்சு, அரசுப் பணி நியமனங்களில் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு முன்னுரிமை தரவேண்டும் என்று ஆணையிட்டார். எழுத்தர் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு, மெக்காலேயின் சொல்லழகைக் காட்டிலும் இந்த ஆணையே கனமானதாகத் தோன்றுகிறது. ஒரு தந்தை தன் மகனை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது, தத்துவ வாதங்களைக் கேட்டன்று. வேலை எங்கே கிடைக்கும் என்பதைக் கேட்டே.

இவ்வாணைக்குப் பின் ஆங்கிலம் கற்க வந்த சிறுவர் கூட்டம் பெருகிற்று. அவர்கள் கையில் கொடுக்க ஏற்ற நூல் வேண்டியிருந்தது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக எழுதிய பாடநூலில் பனியும் கணப்பும் செம்மறியும் வரும். வங்கச் சிறுவன் அவற்றைக் கண்டறியான். இக்குறையை உணர்ந்தவர் பியாரி சரண் சர்க்கார். பாராசாத் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, பெண்கல்விக்கும் அங்கே பள்ளி கண்ட இப்பெரியார், 1850இல் இந்தியச் சிறுவர்களுக்கென்றே 'முதல் வாசகப் புத்தகம்' ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஈரெழுத்துச் சொல், மூவெழுத்துச் சொல், சிறு வாக்கியம் எனப் படிப்படியாக ஏறிச் செல்லும் நூல் அது. ஐந்தாண்டு கழித்து, 1855இல், ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் 'வர்ணபரிசயம்' வெளிவந்தது. தாய்மொழிக்கு வித்தியாசாகரர், ஆங்கிலத்திற்குப் பியாரி சரண் என இவ்விரு சிற்றேடுகளும் பல தலைமுறை வங்கப் பிள்ளைகளின் பைகளில் அருகருகே கிடந்தன.

அவ்விரண்டில் எது முதலில் என்பதில் தாகூரின் இல்லத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஊரெல்லாம் ஆங்கிலம், ஆங்கிலம் என்று ஓடிய நாளில், அவருடைய மூன்றாம் தமையனார் ஹேமேந்திரநாதர், வீட்டுப் பிள்ளைகள் முதலில் வங்காளியிலேயே பாடங்களைக் கற்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். கவிஞர் தம் நினைவுக் குறிப்புகளில் இதற்காக அவருக்கு நன்றி பாராட்டுகின்றார். 1892இல் எழுதிய 'சிக்ஷார் ஹேர்பேர்' என்னும் கட்டுரையில், அயல்மொழிச் சுமையால் இளம் உள்ளம் வாடுவதை வருந்தி உரைத்தார். இதனைக் கொண்டு தாகூரை ஆங்கிலத்தின் பகைவர் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது பொருந்தாது. 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கியபின், அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அவரே பாடநூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று செவிவழிக் கல்வியை அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவுவார். பிள்ளை எழுந்து அச்செயலைச் செய்யும். எழுத்துக்கு முன் காது, காதுக்குத் துணையாகக் கைகால். நோபெல் பரிசு பெற்ற கவிஞர், 'உட்கார், எழு, கதவைத் திற' என்ற அளவிலே குழந்தைகளுக்குப் பாடம் எழுதினார் என்பதை நம்மவர் பலர் அறியார்.

இனி நாம் கிழக்கு நோக்கி டாக்காவுக்குச் செல்ல வேண்டும். இன்று வங்கதேசத்தின் தலைநகராக விளங்கும் அந்நகர், அன்று பிரிவுபடாத வங்க மாகாணத்தின் இரண்டாம் பெருநகர். அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் மைக்கேல் வெஸ்ட். ஆக்ஸ்போர்டில் பயின்று 1912இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வந்தவர். இவர் 1926இல் வங்கத்தைச் சிறப்பாகக் கொண்டு இருமொழியம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அரசின் வெளியீடாக வந்த அவ்வறிக்கை, உலகெங்கும் ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் மாறுதல் விளைத்த நூல்களுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது. கோப்புகளுக்கிடையே வாழ்கின்ற நமக்கு, ஓர் அரசாங்க அறிக்கை இத்தகைய பெருமை பெற்றது என்பதில் தனியானதொரு மகிழ்ச்சி தோன்றுவது இயல்பே.

வெஸ்ட் கேட்ட கேள்வி எளியது. பள்ளியில் சேரும் சிறுவருள் பெரும்பாலோர் இறுதி வகுப்பு வரை வருவதில்லை. இரண்டாண்டு, மூன்றாண்டு படித்து நின்றுவிடுகின்றனர். அவ்வாறு நின்றவனிடம் அவன் கற்ற ஆங்கிலத்தில் என்ன மிஞ்சுகிறது? இதனை விளக்க அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து 'சரண்டர் மதிப்பு' என்னும் சொல்லை எடுத்தாண்டார். ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை முதிர்வுக்கு முன் நிறுத்திவிட்டால், கட்டிய தவணைகளுக்காக ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். அதுவே சரண்டர் மதிப்பு. வங்கப் பள்ளிகளில் நடந்த ஆங்கிலப் பாடத்திற்கு அம்மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது அவர் கண்ட உண்மை. இலக்கணத்தில் பாதி, மொழிபெயர்ப்பில் பாதி, உச்சரிப்பில் பாதி என்று கற்றவனுக்கு எதுவும் முழுமையாகக் கைவரவில்லை. முழுப் படிப்பையும் முடிப்பவன் ஒருவனைக் கருதி அமைத்த பாடத்திட்டத்தில், இடையில் நின்றுவிடும் பலர் வெறுங்கையோடு வீடு திரும்பினர்.

ஆகவே அவர் கூறிய தீர்வு, முதலில் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பது. ஓர் ஆங்கில நூலைத் தானே படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலை விரைவில் ஊட்டிவிட்டால், பள்ளியை விட்டு நின்றாலும் அது அவனோடு இருக்கும். ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பிலும், தாமே சரளமாக ஆங்கிலம் பேச வராத ஆசிரியரிடத்திலும், வாசிப்பைக் கற்பித்தல் இயலும். பேச்சுக்கு அவ்வாறில்லை.

அன்றைய வாசிப்பு வகுப்பு எப்படி நடந்தது? ஒரு மாணவன் எழுந்து உரக்க வாசிப்பான், மற்றவர் வாளாவிருப்பர். அவன் வாசித்து முடித்ததும் அடுத்தவன் எழுவான். (இக்காட்சி எங்கும் மறைந்துவிட்டது என்று நான் சொல்லத் துணியேன்.) வெஸ்ட் இதனை மாற்றினார். பாடத்திற்கு முன்னரே சில வினாக்களைக் கொடுத்துவிடுவார். விடை தேடும் நோக்கத்தோடு எல்லாரும் ஒருங்கே மௌனமாகப் படிக்க வேண்டும். ஒருவன் வாய் அசைந்த இடத்தில், வகுப்பு முழுவதன் மனமும் அசையத் தொடங்கியது.

அடுத்து அவர் பாடநூல்களை ஆராய்ந்தார். பக்கத்திற்குப் பக்கம் புதுச்சொற்கள் குவிந்திருந்தன. அவற்றுட் பல, ஆங்கிலேயர் தாமே செய்யுளில் அன்றிப் பேச்சில் வழங்காத பழஞ்சொற்கள். நம் பக்கத்து வீட்டு வங்காளி அன்பர் தமிழ் கற்க விரும்பி வருகிறார் என்று கொள்வோம். அவருக்கு 'யானை'க்கு முன்னர் 'வேழ'த்தையும், 'கடலு'க்கு முன்னர் 'முந்நீரை'யும் கற்பித்தால் அவர் மறுநாள் வருவாரா? வெஸ்ட் அத்தகைய அருஞ்சொற்களை நீக்கி, அடிக்கடி பயிலும் சொற்களைப் பெய்தார். பழகிய சொற்கள் பல நடந்த பின்னரே ஒரு புதுச்சொல் வரும். வந்த சொல் மீண்டும் மீண்டும் தோன்றி மனத்தில் அமரும். 'புதுமுறை வாசகங்கள்' என்ற பெயரில் லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய நூல்வரிசை உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. 1935இல் அவர் மற்றொருவருடன் இணைந்து தொகுத்த அகராதியில் ஏறத்தாழ 24,000 உருப்படிகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கினார். 1953இல் வெளிவந்த, சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பயன் சொற்பட்டியலும் அவர் பெயரால் விளங்குவதே. இன்று எந்த நாட்டில் ஒரு குழந்தை எளிய ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தாலும், அதன் பின்னால் டாக்காச் சிறுவர்களின் வகுப்பறை மறைந்து நிற்கிறது.

வங்கத்தில் அம்முறை ஏன் வேரூன்றவில்லை? விடை தேர்வில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வு மொழிபெயர்ப்பையும் இலக்கணத்தையும் கட்டுரையையும் கேட்டது. மௌனமாகப் படித்து மகிழ்ந்த சிறுவனுக்கு அதில் மதிப்பெண் இல்லை. தவிரவும், வெஸ்டின் கருத்தில் ஒரு குறை இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பேச்சைப் பின்னுக்குத் தள்ளினால், 'எங்கள் பிள்ளை சாகிபின் முன் வாய் திறக்க வேண்டாமா?' என்று தந்தையர் கேட்டிருப்பர். வேலைக்காகவே ஆங்கிலம் கற்ற காலத்தில் அது நியாயமான கேள்வியும் ஆகும். எனினும் தாய்மொழியை அகற்றிவிட்டு ஆங்கிலத்தை அமர்த்தும் எண்ணம் வெஸ்டுக்கு இருந்ததில்லை. பரந்த அறிவுக்கு ஒரு பெருமொழியைப் படிக்க வேண்டும். வாழ்வதும் உணர்வதும் தன் மொழியில் நடக்க வேண்டும் என்பதே அவர் நிலை. மெட்ரிகுலேஷன் தேர்வில் பாடங்களைத் தாய்மொழியில் எழுதும் முறை 1940இல் நடைமுறைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் வாக்கிய அமைப்புகளைத் தரப்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்றும் முறை நாடெங்கும் பரவிற்று. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. அம்முறையைப் பற்றிச் சொல்லத்தக்கது அதிகமில்லை. 'இது புத்தகம், அது பேனா' என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூவியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

பின்னர் மேற்கு வங்கத்தில் பெரும் புயல் எழுந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணி அரசு, எண்பதுகளின் தொடக்கத்தில், அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. இனி ஆறாம் வகுப்பில்தான் அது தொடங்கும் என்றாயிற்று. இளமையில் தாய்மொழி, பின்னர் அயல்மொழி என்பது தாகூர் குடும்பத்தில் கண்ட கொள்கைதானே என்று ஆதரித்தோர் கூறினர். எழுத்தாளரும் பேரறிஞரும் பலர் எதிர்த்து வீதிக்கு வந்தனர்.

கொள்கையளவில் இதில் பிழை காண்பது எளிதன்று. நடைமுறையில் நிகழ்ந்ததே வேறு. தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு இவ்விதி இல்லை. கட்டணம் செலுத்த வல்லவர் தம் மக்களை அங்கே சேர்த்தனர். இயலாதவரின் பிள்ளைகள் பதினொரு வயதில் முதல் எழுத்தைத் தொட்டனர். தாகூரின் வீட்டில் வங்காளி முடிந்தபின் ஆங்கிலத்திற்குத் தனி ஆசிரியர் வந்தார் என்பதை இங்கே நினைக்க வேண்டும். எண்பதுகளில் ஆறாம் வகுப்பிற்கெனப் புதிய முறையில் பாடநூல்கள் வந்தன என்பது உண்மையே. ஆயினும் பழைய முறையில் பயின்ற ஆசிரியர்கள், நிறைந்து வழியும் வகுப்புகளில், இழந்த ஆண்டுகளை அந்நூல்களைக் கொண்டு ஈடுசெய்ய இயலவில்லை. அத்தலைமுறையினர் பின்னாளில் பெற்ற ஊதியத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், அதில் குறைவு நேர்ந்திருப்பதைக் கண்டு எழுதியுள்ளனர். 1998இல் மொழியறிஞர் பவித்ர சர்க்கார் தலைமையில் அமைந்த குழு ஆங்கிலம் தொடக்கப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்பின் படிப்படியாக இறங்கி, 2004 அளவில் ஆங்கிலம் முதல் வகுப்பை அடைந்தது. ஏறத்தாழ இருபதாண்டுகள் ஒரு மாநிலம் 'எப்போது' என்று வாதிட்டது. 'எவ்வாறு' என்று டாக்காவில் ஒருவர் எழுதிவைத்த ஏடு நூலகங்களில் உறங்கிற்று.

இதே ஆண்டுகளில் தெற்கே நடந்த ஒரு முயற்சியை இங்கே ஒப்பிட்டுக் காண்பது தகும். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும், கடலூர் முதலிய தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றிலும், தாய்மொழி வழியில் பயின்ற சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளிடையே அது நடந்தது. முன்னின்று நடத்தியவர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. பெங்களூர் வட்டார ஆங்கில நிறுவனம் துணை நின்றது. சிறுவனின் கருத்து முழுவதும் ஒரு பொருளில் ஊன்றியிருக்கும்போதே மொழியின் இலக்கணம் அவனறியாமல் உள்ளே அமைகிறது என்பது பிரபுவின் அடிப்படை.

ஆகவே வகுப்பில் இலக்கணப் பாடம் இல்லை. 'திரும்பச் சொல்' என்பதும் இல்லை. ஆசிரியர் ஓர் இரயில் கால அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுவார். இந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறது, மாலைக்குள் போய்ச் சேர எதில் ஏற வேண்டும் என்று எல்லாரிடமும் ஆங்கிலத்தில் கேட்டுப் பேசி முடிப்பார். பிறகு அதே போன்ற வேறோர் அட்டவணையைக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் தானே விடை காணச் செய்வார். ஊர் வரைபடம், நாட்காட்டி, வகுப்பு நேர அட்டவணை எனப் பல பொருள்கள் இவ்வாறு வந்தன. விடை சரியா என்றே மதிப்பெண். வாக்கியம் அழகா என்றன்று. பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்துப் பேசவிடுவதையும் பிரபு விரும்பவில்லை. ஒருவர் பிழையை மற்றவர் பழகிக்கொள்வர் என்று கருதினார்.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்னும் இருவர் இப்பிள்ளைகளையும் பழைய முறையில் பயின்றோரையும் ஒப்பிட்டுத் தேர்வு வைத்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறையினர் முந்தினர். கேட்டல், படித்தல் போன்ற பொதுத் தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் முந்தினர். பள்ளிகளும் ஆசிரியர்களும் எல்லாவகையிலும் நிகரானவர் அல்லர் ஆகையால், இம்முடிவை அளவோடு கொள்ள வேண்டும் என்று அவர்களே எச்சரித்தனர். பிரபுவின் நூல் 1987இல் வெளிவந்தது. செயல்வழி மொழிக்கல்வி என்று இன்று உலகெங்கும் பேசப்படும் துறையில், பெங்களூரின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. எழுத்தராகச் சேர்ந்த இளைஞர் எவரும் ஆங்கில இலக்கணம் படித்துக் கோப்புக் குறிப்பு எழுதக் கற்பதில்லை. ஒருவருக்கு ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் சேர வேண்டும், பயணப்படிப் பட்டியலில் எந்த உருப்படி செல்லாது என்று மண்டையை உடைத்துக்கொண்டு பத்துப் பழங்குறிப்புகளைப் புரட்டும்போது, அந்த நடை தானே கையில் வந்து அமர்ந்துவிடுகிறது. பட்டம் பெற்று வந்தவர் ஓராண்டில் கல்லூரி தராத ஆங்கிலத்தைப் பிரிவு அலுவலரின் சிவப்பு மையிலிருந்து பெறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் ஆங்கிலத்தைப் பற்றியது. ஆனால் லேக் மார்க்கெட் பகுதியில் வளரும் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு இன்று ஆங்கிலம் அயல்மொழியாக இல்லை. அவர்கள் கனவு காண்பதே அதில்தானோ என்று ஐயுறும்படி இருக்கிறது. வெஸ்டின் கேள்வியை நாம் இப்போது தமிழைக் குறித்துக் கேட்கவேண்டிய நிலை வந்துள்ளது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆறு மாதம் வந்து, பள்ளித் தேர்வு நெருங்கியதும் நின்றுவிடும் குழந்தையிடம் தமிழின் சரண்டர் மதிப்பு என்ன? உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் பாதி, ஆத்திசூடி பாதி, மறந்துபோன ஒரு பாட்டு. பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதவோ, அவர் எழுதியதைப் படிக்கவோ அக்குழந்தையால் ஆகாது.

அவ்வகுப்புகளை நடத்தும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஹௌரா-சென்னை மெயிலின் கால அட்டவணையைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். விசாகப்பட்டினத்தில் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும், விசயவாடாவில் காலையா மாலையா, சென்னை சேர்ந்ததும் கும்பகோணத்திற்கு வண்டி பிடிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று கேளுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லவிருக்கும் குழந்தைகள் அவ்வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள்.